சிரிப்பு ஷாட்

18 ஜூன் 2012, திங்கள்

பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்துவிட்டது. துடைத்துக்கொண்டிருக்கும்போது போன். இவர்தான் எடுத்தார். "ஆமா, குலசேகர்தான் பேசுதேன்" என்று குரலைக் கனமாக்கிக்கொண்டார். உடனே தெரிந்துவிட்டது, சினிமாக்காரர்கள். கேஸ் ஏஜென்சிக்கெல்லாம் அந்தக் குரல் வராது.

டிவி சீரியலாம். ஜமீன் வீட்டுப் பெரியவர் வேஷம். பல வருஷத்துக்கு அப்புறம் வருகிற அழைப்பு என்பதால் நான் கரித்துணியோடு கூடத்துக்கே ஓடினேன்.

"வசனம் நிறைய உண்டுமா?"

"வசனம் இல்ல."

"சண்டையா?"

"இந்த வயசுல என்னட்டி சண்டை."

"பின்ன என்னதான் செய்யணுமாம்?"

"படுத்துக் கெடக்கணும்" என்றார். "பெரியவரு மொத எபிசோட்லயே செத்துப் போயிருதாரு. ஆனா அவரு போட்டோ கடைசி வரைக்கும் கூடத்துச் சொவத்துல தொங்கும்."

எனக்கு வந்த ஆத்திரத்தில் துணியைத் தொட்டியில் வீசினேன். கௌபாய் குலசேகர் என்றால் ஒரு காலத்தில் கன்னியாகுமரியிலிருந்து கும்மிடிப்பூண்டி வரைக்கும் பிள்ளைகள் ஓலைத் தொப்பியைச் சாய்த்துப் போட்டுக்கொண்டு திரிந்தார்கள். இருபதுக்கு மேல் படம். ஒன்றிலும் இவர் செத்ததில்லை. ஒரே ஒரு படத்தில் ஒரு அதிமேதாவி டைரக்டர் கடைசிக் காட்சியில் சாகடித்தார். மதுரையில் முதல் நாளே நாற்காலியை உடைத்துவிட்டார்கள். அவசர அவசரமாக இன்னொரு முடிவு எடுத்து ஒட்டினார்கள். நெஞ்சில் பாய்ந்த குண்டு சட்டைப் பையிலிருந்த வெற்றிலைப் பெட்டியில் பட்டு நின்றுவிடும், இவர் எழுந்து தூசியைத் தட்டுவார். குதிரையில் போகிற கௌபாய்க்கு வெற்றிலைப் பெட்டி எதற்கு என்று யாரும் கேட்கவில்லை. நூறு நாள் ஓடிற்று.

அப்பேர்ப்பட்டவரைப் பிணமாகப் படுக்கச் சொல்கிறார்கள். இவரோ விசில் அடித்துக்கொண்டு குளிக்கப் போகிறார்.

மதியம் புளிக்குழம்பு, அப்பளம். கரண்ட் இரண்டு மணிக்குப் போய் நாலு மணிக்கு வந்தது.

21 ஜூன், வியாழன்

கூடத்தில் பாய் விரித்து செத்துப் பார்க்கிறார். மூச்சு விடுவது வயிற்றில் தெரியக் கூடாதாம். "ஏட்டி, இங்கன நின்னு பாரு, அசையுதா?" என்கிறார். "எனக்கு வேற சோலி இருக்கு" என்று தாண்டிப் போய்விட்டேன். திரும்பி வரும்போது எழுந்து உட்கார்ந்து இருமிக்கொண்டிருந்தார். பாயில் தூசி.

பரண் மேலிருந்த பெட்டியை இறக்கித் தொப்பியை எடுத்தார். பிணத்துக்கு எதற்குத் தொப்பி என்று கேட்டேன். "சும்ம, ராசிக்கு" என்றார்.

அந்தத் தொப்பி ஒரு அமெரிக்கக்காரனைப் பார்த்துச் செய்தது. இவர் சின்னப் பையனாக அம்பாசமுத்திரத்தில் இருந்தபோது டூரிங் டாக்கீஸுக்குப் படப்பெட்டி வந்து சேராத நாளில் ஒரு பழைய ஊமைப்படத்தை ஓட்டிக் கூட்டத்தைச் சமாளிப்பார்களாம். அதில் ஒரு குதிரைக்காரன். சிரிக்கவே மாட்டான். துப்பாக்கியை எடுக்கும் முன் தொப்பி விளிம்பை ஒரு விரலால் தொடுவான். பெட்டி வராத நாளெல்லாம் அதே படம்தான் என்பதால் பெட்டி வரக்கூடாதென்று பேச்சியம்மன் கோயிலில் வேண்டிக்கொள்வாராம். அவன் பெயர் இவருக்குத் தெரியாது. மூர்மார்க்கெட் பழைய புத்தகக் கடையில் கிடைத்த அவன் படம் ஒன்று தொப்பிப் பெட்டிக்குள் இன்னும் ஒட்டியிருக்கிறது. நாங்கள் அவனைத் தொப்பிக்காரன் என்றே சொல்வோம்.

சாயங்காலம் கடைக்குப் போய்வந்தோம். மாடிப்படியில் பாதியில் நின்று கீழ்வீட்டு நூர்ஜகானின் குரோட்டன்ஸ் செடிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். இப்போதெல்லாம் இவருக்குச் செடி மேல் ஆசை வந்திருக்கிறது. நாலு படி ஏறினால் ஒரு தடவை நின்று பார்க்கிறார்.

26 ஜூன், செவ்வாய்

ஷூட்டிங். கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஒரு பெரிய பங்களா. டிபன் கேரியரோடு நானும் போனேன். இவர் ஷூட்டிங்குக்கு நான் போகாமல் இருந்தது குறைவு. எங்களுக்குப் பிள்ளை இல்லை, வீட்டில் உட்கார்ந்து யாரைப் பார்த்துக்கொள்ள?

கோடி வேட்டி, நெற்றி நிறைய விபூதி, ரோஜா மாலை. நாடியைச் சுற்றி ஒரு துணிக்கட்டு. முதலில் பார்த்ததுமே வெளியே வேப்பமரத்தடியில் போய் உட்கார்ந்துகொண்டேன். இணை இயக்குநர் பொற்கொடி என்ற பெண்தான் ஒரு நாற்காலி போட்டு மோர் கொடுத்தாள். முப்பத்தைந்து வயது இருக்கும். கழுத்தில் விசில், கையில் சீன் பேப்பர் செருகிய பேடு. அவளுடைய அப்பா விழுப்புரத்தில் குலசேகர் ரசிகர் மன்றத்துச் செயலாளராம். "படத்துல சார் சிரிக்க மாட்டாருல்ல, அப்பாவும் சிரிக்க மாட்டாரும்மா. ஸ்டைலுன்னு நெனச்சுக்குனு" என்றாள்.

உள்ளே இவர் மூக்கில் ஒரு ஈ வந்து உட்கார்ந்ததாம். சுற்றி உட்கார்ந்து அழுதவர்களெல்லாம் ஈயையே பார்க்கிறார்கள், இவர் இமை கூட அசையவில்லை. ஷாட் முடிந்ததும் எல்லோரும் கை தட்டினார்கள். அந்தச் சத்தம் கேட்டு எனக்குக் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது. டிபன் கேரியரைக் கழுவப் பின்பக்கக் குழாயடிக்குப் போனேன். போயிருக்கக் கூடாது.

27 ஜூன், புதன்

நேற்றுக் காரில் வரும்போது சாதாரணமாகச் சொல்கிறார், நான் குழாயடியில் இருந்த நேரத்தில் சிரிப்பு ஷாட் எடுக்க விடவில்லை என்று.

சினிமாவில் பிணமாக நடித்தவரை அப்படியே எழுந்து போகவிட மாட்டார்கள். கேமரா ஓடும்போதே கண்ணைத் திறந்து ஒரு சிரிப்புச் சிரிக்க வேண்டும். அப்புறம்தான் மாலையைக் கழற்றுவார்கள். ஒரு ஆளைக் கேமரா கடைசியாகப் பார்த்தது பிணமாகப் பார்த்ததாக இருக்கக் கூடாது, அவ்வளவுதான். எந்தக் காலத்திலிருந்து வருகிற பழக்கமோ, சாமியே இல்லை என்று மேடையில் பேசுகிற நடிகர்கள் கூட அதை மட்டும் விட்டதில்லை.

"அந்தப் பிள்ள கேட்டா, சார் ஒரு சிரிப்புன்னு. கௌபாய் குலசேகர் கேமரா முன்னால சிரிச்சதில்லம்மான்னு சொல்லிட்டேன்" என்றார்.

"நீங்க என்ன காரியம் செஞ்சுட்டு வந்திருக்கிய?"

"இத்தன வருசம் கட்டிக் காத்தது. ஒரு பொணத்துக்காக விடச் சொல்லுதியா?"

அடுத்த சீனுக்கு நேரமாகிவிட்டதென்று டைரக்டரும் விட்டுவிட்டாராம். மாலையை இவரே கழற்றி நாற்காலியில் மாட்டிவிட்டு வந்திருக்கிறார். வேறு யாராவது கழற்றியிருந்தாலாவது பரவாயில்லை.

நான் இன்று இவரோடு பேசவில்லை. தோசை மட்டும் ஊற்றிக் கொடுத்தேன்.

28 ஜூன், வியாழன்

பேசாமல் இருந்தாலும் மனசு பழையதையே சுற்றிச் சுற்றி வருகிறது.

இந்தச் சிரிக்காத கதை எப்படி வந்தது என்று எனக்குத்தான் தெரியும். முதல் படம், செஞ்சி மலையில் ஷூட்டிங். கல்யாணமாகி ஒரு வருஷம். வெயிலில் குடையோடு பாறை மேல் உட்கார்ந்திருக்கிறேன். உண்மையான பந்தயக் குதிரை வாடகைக்குக் கட்டுப்படியாகவில்லை என்று தயாரிப்பாளர் வேலூரிலிருந்து மாப்பிள்ளை ஊர்வலக் குதிரை ஒன்றைப் பிடித்துக்கொண்டு வந்தார். வெள்ளைக் குதிரை, பெயர் முத்து. சாதாரணமாகப் பரம சாது. ஆனால் பாட்டுக் கேட்டால் போதும், ஊர்வலம் கிளம்பிவிட்டதென்று நினைத்துக்கொள்ளும்.

டூயட் சீன். ஸ்பீக்கரில் பாட்டைப் போட்டார்கள். முத்து காதை விறைத்தது. முன்னங்காலை ஒன்று மாற்றி ஒன்று தூக்கி வைத்து, கழுத்தை வெட்டி வெட்டி ஆட்டம் ஆரம்பித்துவிட்டது. இவர் கடிவாளத்தை இழுக்க, அது தலையைப் பின்னால் வீச, நேராக வாயில் அடி. முன் பல் இரண்டும் போச்சு.

நான் குடையைப் போட்டுவிட்டு ஓடினேன். இவர் மண்ணில் உட்கார்ந்திருக்கிறார், வாயெல்லாம் ரத்தம். முத்து பக்கத்தில் நின்று இன்னும் ஆடிக்கொண்டிருக்கிறது. இவர் அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், சிரித்தாரே ஒரு சிரிப்பு! அந்த ஓட்டைப் பல்லோடு அப்படி ஒரு சிரிப்பை நான் அதுவரை யார் முகத்திலும் பார்த்ததில்லை. அன்றைக்குத்தான் எனக்கு இவரை நிஜமாகவே பிடித்தது. அதற்கு முந்தின ஒரு வருஷமும் அப்பா பார்த்து வைத்த மாப்பிள்ளை, அவ்வளவுதான்.

தயாரிப்பாளர் தலையில் கைவைத்துக்கொண்டார். "படம் முடியற வரைக்கும் வாயத் தொறக்காத" என்றார். வசனங்களை வெட்டினார்கள். உதட்டை இறுக்கிக்கொண்டு "உம்", "வா", "சுடு" என்று மட்டும் பேசினார். தொப்பிக்காரனை நினைத்துக்கொண்டு விளிம்பை விரலால் தொட்டார். படம் வந்ததும் 'சிரிக்காத சிங்கம்' என்று போஸ்டர் அடித்தார்கள். மூன்றாவது படத்துக்குள் கட்டுப்பல் கட்டியாகிவிட்டது. ஆனால் அப்புறம் எந்த டைரக்டர் சிரிக்க விடுவார்?

வீட்டில் ஓயாமல் சிரிப்பார். பூரி உப்பாவிட்டால் சிரிப்பார், நான் கோபப்பட்டால் அதற்கும் சிரிப்பார். ஊருக்கே தெரியாத ஒரு சாமான் என் வீட்டில் இருக்கிறதென்று எனக்கு உள்ளுக்குள் கர்வம். ரசிகர்கள் வாசலில் நிற்கும்போது சன்னல் திரையை இழுத்துவிட்டு இவரைச் சிரிக்கவைப்பேன்.

4 ஜூலை, புதன்

பேச ஆரம்பித்துவிட்டேன். எத்தனை நாள் முடியும்?

கணுக்காலில் வீக்கம். விரலால் அழுத்தினால் குழி அப்படியே நிற்கிறது. அந்தப் பங்களாவில் பளிங்குத் தரை, ஒரு பாயை மட்டும் போட்டு நாள் முழுக்க அதில் படுத்தால் நீர் இறங்காமல் என்ன செய்யும்? கொள்ளு ரசம் வைத்துக் கொடுத்தேன்.

8 ஜூலை, ஞாயிறு

டாக்டரிடம் போனோம். ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டு, இதயம் பம்ப் பண்ணுவது குறைந்திருக்கிறது என்றார். ரொம்ப நாளாகவே இருந்திருக்குமாம், மாடி ஏறும்போது மூச்சு வாங்கியிருக்குமே என்றார். "இல்லையே" என்றேன். "நின்னு செடி பாப்பாக, அவ்வளவுதான்." டாக்டர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். இவர் சன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். டாக்டருக்கு முப்பது வயது கூட இருக்காது. உப்பைக் குறைக்க வேண்டுமாம்.

எனக்குத் தெரியும் இது எங்கே ஆரம்பித்தது என்று. வரும் வழியில் ஆட்டோவில் வைத்தே சொல்லிவிட்டேன், அந்தச் சிரிப்பு ஷாட்டை எடுத்தே ஆகவேண்டும் என்று.

"ஏளா, சிரிச்சவன் எல்லாம் இருக்கானா இப்ப?" என்றார். "நம்ம வில்லன் தர்மராசு எத்தன தடவ செத்தான், எத்தன தடவ சிரிச்சான். போய்ச் சேந்துட்டாம்லா."

"அவுக குடிச்சாக."

"நானும் சின்ன வயசுல அந்தத் தொப்பிக்காரனப் பாத்து நெனச்சேன், இவன் சாகவே மாட்டான்னு. அவன் மட்டும் இருக்கானா?"

ஆட்டோக்காரர் திரும்பிப் பார்த்தார். நான் அழுததைத்தான் பார்த்தார் போலிருக்கிறது.

9 ஜூலை, திங்கள்

பொற்கொடிக்குப் போன் செய்தேன். அவள் சிரிக்கவில்லை, அதற்காகவே அவளை எனக்குப் பிடித்தது. "எனக்கும் அன்னைலேந்து மனசே சரியில்லம்மா. டைரக்டர் சார் அவசரப்படுத்தினாரு. எப்படியாச்சும் எடுத்துர்றேன்" என்றாள்.

அதே வேட்டி, அதே கேமரா, அதே மாதிரி ரோஜா மாலை என்றேன். எல்லாவற்றுக்கும் சரி சொன்னாள். சார் ஒத்துக்கொள்வாரா என்று மட்டும் கேட்டாள்.

12 ஜூலை, வியாழன்

ஒத்துக்கொள்ளவில்லை. வந்த பெண்ணை நிற்கவைத்தே, "என்னயக் காட்சிப் பொருளாக்காதிய" என்று சத்தம் போட்டார். சத்தம் போட்டதில் மூச்சு இரைத்து உட்கார்ந்துவிட்டார். அவளுக்கு முகம் செத்துப்போயிற்று. காபி கொடுத்தேன். போகிற போக்கில் அலமாரி மேலிருந்த தொப்பிப் பெட்டியைப் பார்த்துத் திறந்து காட்டச் சொன்னாள். உள்ளே ஒட்டியிருந்த தொப்பிக்காரன் படத்தைத் தன் போனில் படம் பிடித்துக்கொண்டாள்.

"இவர் யாருன்னு தெரியுமா சார்?"

"அறுவது வருசமா தேடுதேன்" என்றார். கோபம் கொஞ்சம் இறங்கியிருந்தது.

15 ஜூலை, ஞாயிறு

கரண்ட் போன நேரத்தில் பொற்கொடி வந்தாள். நான் விசிறிக்கொண்டிருந்தேன். தொப்பிக்காரனின் பெயர் கிடைத்துவிட்டதாம், ஜெட் காலவே. இவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். பெயரை இரண்டு மூன்று தடவை சொல்லிப் பார்த்தார்.

அவள் போனைப் பார்த்துப் பார்த்துச் சொன்னாள். மாட்டுப் பண்ணையில் வளர்ந்தவன். சர்க்கஸில் குதிரை ஏறினான், அங்கிருந்து ஹாலிவுட். ஊமைப்படக் காலத்தில் வாரத்துக்கு ஒரு படம் கூட வந்ததாம், சந்து பொந்தெல்லாம் அவன் முகம். பேசும் படம் வந்தது. பாடத் தெரிந்த கௌபாய்கள் வந்தார்கள், பளபளவென்று சட்டை போட்டுக்கொண்டு. காலவேயைக் கூட்டத்தில் நிற்கவைத்தார்கள். பிறகு பெயர் போடாத வேஷங்கள். மதுக்கடையில் உட்கார்ந்திருக்கிறவன், துரத்தி வருகிற பத்துப் பேரில் ஒருவன். கடைசி கடைசியாக, சுட்டதும் குதிரையிலிருந்து விழுகிற ஆள்.

"அப்ப என்ன வயசு?"

"அறுவதுக்கு மேல சார்."

"அந்த வயசுலயும் விழுந்திருக்கான்!" என்று தொடையில் தட்டினார். "நம்மள மெத்துன்னு பாயப் போட்டுப் படுக்கச் சொன்னதுக்கே நீ என்ன ஆட்டம் ஆடுன, ஆவுடை?"

அப்புறம் தொப்பிப் பெட்டியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். "அம்பாசமுத்திரத்துல ஒருத்தன் அவனுக்காகச் சாமி கும்பிட்டது அவனுக்குத் தெரியாமப் போச்சே" என்றார். தெரு முக்கில் இன்னும் இவரைக் கண்டால் சைக்கிளை நிறுத்துகிற வயசாளிகள் இருக்கிறார்கள். அவனுக்கு அங்கே யாரும் சைக்கிளை நிறுத்தினார்களோ என்னவோ.

"சார், இன்னொரு போட்டோ இருக்கு" என்றாள் பொற்கொடி. வயதான காலவே, பனியனோடு, வீட்டுக் கொல்லையில், மடியில் ஒரு நாய். வாயெல்லாம் பல்லாகச் சிரித்துக்கொண்டிருக்கிறான். கீழே ஒரு வரி இருந்ததாம், படம் எடுத்தது அவன் மனைவி என்று.

இவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். "படுபாவி, பல்லு எவ்வளவு நல்லாருக்கு!" என்றார். பிறகு போனை அவளிடம் கொடுத்துவிட்டு, "கேமராவ எப்பக் கொண்டாருவ?" என்று கேட்டார்.

நான் உள்ளே போய் சுவாமி விளக்கை ஏற்றினேன். பகல் மூன்று மணிக்கு.

17 ஜூலை, செவ்வாய்

ஆஸ்பத்திரி. விடியற்காலையில் மூச்சு முட்டிவிட்டது. நூர்ஜகானின் மகன்தான் தூக்கிக் காரில் ஏற்றினான்.

19 ஜூலை, வியாழன்

எழுத ஒன்றுமில்லை.

23 ஜூலை, திங்கள்

கட்டுப்பல்லைக் கழற்றி ஒரு டம்ளரில் போட்டு நர்ஸ் என்னிடம் கொடுத்தாள். கைக்குட்டையில் சுற்றிப் பையில் வைத்திருக்கிறேன். வார்டுபாய் ஒருவர் இவர் பெயரைப் பார்த்துவிட்டு, "கௌபாயா?" என்று கேட்டார். தலையாட்டினேன். போய் இன்னொரு தலையணை கொண்டுவந்தார்.

28 ஜூலை, சனி

வீட்டுக்கு வந்துவிட்டோம். டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "இனிமே உப்பெல்லாம் பாக்க வேண்டாம்மா. அவருக்கு என்ன பிடிக்குதோ குடுங்க" என்றார். உப்பே போடலாம் என்கிறார் என்றால் குணமாகிவிட்டார் என்றுதானே அர்த்தம். நார்த்தங்காய் ஊறுகாய் ஒரு துண்டு வைத்தேன். சப்புக்கொட்டிச் சாப்பிட்டார்.

நூர்ஜகான் ஒரு குரோட்டன்ஸ் தொட்டியை மாடிக்கே கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள். "அண்ணன் எறங்கி வர வேணாம் அக்கா, இங்கேர்ந்தே பாக்கட்டும்" என்றாள். கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

5 ஆகஸ்ட், ஞாயிறு

பொற்கொடி கேமராவோடு வந்தாள். அதே கேமரா, அதே கேமராமேன். டைரக்டர் வரவில்லை. பரவாயில்லை, அவர் எதற்கு?

கரண்ட் கிடையாது. சன்னல் கதவுகளை எல்லாம் திறந்து, கட்டிலை வெளிச்சத்துக்கு இழுத்துப் போட்டார்கள். வேட்டி கட்டிவிட்டேன். விபூதி பூசினேன். மாலையைக் கையில் எடுத்தபோது எனக்குப் போட மனசு வரவில்லை. "மாலை வேண்டாம், சும்மா எடுங்க" என்றேன்.

"போடுட்டி" என்றார். "போட்டாத்தான கழட்ட முடியும். அதான கணக்கு."

போட்டேன். தொப்பியைக் கேட்டார். நெஞ்சின் மேல் வைத்துக்கொண்டார். கட்டுப்பல் பொருந்தவில்லை, ஈறு சுருங்கிவிட்டது. மாட்டிப் பார்த்தார், நழுவிற்று. எடுத்துத் தலையணைக்கு அடியில் வைத்துவிட்டார்.

"ஆக்‌ஷன்" என்றாள் பொற்கொடி, ரொம்ப மெதுவாக.

கண்ணைத் திறந்தார். உதடு இறுகிற்று. புருவம் சேர்ந்தது. கௌபாய் குலசேகர் எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். கேமராமேன் அசந்து போய், "என்னா முகம்டா" என்று முணுமுணுத்தான்.

"சார், சிரிப்பு."

மறுபடி எடுத்தார்கள். மறுபடியும் அதே முகம். வேண்டுமென்று செய்யவில்லை, எனக்குத் தெரியும். ஆக்‌ஷன் என்ற சொல் காதில் விழுந்தாலே அந்த முகம் தானாக வந்து உட்கார்ந்துகொள்கிறது. நாற்பது வருஷத்துக்கு மேல் பழக்கம். இன்னொரு தடவை. நெற்றி வியர்த்துவிட்டது.

"வர மாட்டேங்குதுட்டி" என்றார். என்னைப் பார்த்த பார்வையில் பயம் இருந்தது. அவ்வளவு நாளும் இவர் பயப்படவே இல்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பயப்பட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறார்.

பொற்கொடி கண்ணைத் துடைத்துக்கொண்டு, "போதும்மா, சாருக்கு முடியல" என்றாள்.

"கேமராவ நிறுத்தாத" என்றேன்.

சேலையை இழுத்துச் செருகினேன். கேமராவுக்குப் பக்கத்தில் போய் நின்றேன். எனக்கு அறுபத்தாறு வயது, இரண்டு முட்டியும் சத்தம் போடும். முன்னங்காலைத் தூக்குவது போல ஒரு காலைத் தூக்கி வைத்தேன், அடுத்த காலைத் தூக்கி வைத்தேன். கழுத்தை வெட்டினேன். அந்த டூயட் மெட்டை வாயாலேயே "டண்டண்ட டண்டண்ட" என்று போட்டுக்கொண்டு, செஞ்சிப் பாறையில் முத்து ஆடின ஆட்டத்தை ஆடினேன். கொண்டை அவிழ்ந்தது. கேமராமேன் வாயைப் பிளந்து என்னைப் பார்த்தான். வெட்கமா? அது எங்கே இருந்தது!

முதலில் இவருடைய வயிறு குலுங்கிற்று. தொப்பி நெஞ்சிலிருந்து உருண்டு விழுந்தது. அப்புறம் உதடு பிரிந்தது. முன் பல் இரண்டும் இல்லாமல், மாலையும் விபூதியுமாக, வாயைத் திறந்து சிரித்தார். அன்றைக்கு மண்ணில் உட்கார்ந்து சிரித்த அதே சிரிப்பு. பொற்கொடி கட் சொல்ல மறந்துவிட்டாள். நானும் நிறுத்தவில்லை.

"போதும்ட்டி குதிரை, மூச்சு வாங்குது" என்றார். யாருக்கு வாங்கிற்று என்று சொல்லவில்லை.

மாலையை நான் கழற்றினேன். "பேக்கப்" என்று இவரே சொன்னார்.

வந்தவர்களுக்கு சேமியா பாயசம். இவரும் அரை டம்ளர் குடித்தார்.

11 ஆகஸ்ட், சனி

வீக்கம் வடிந்திருக்கிறது. இரண்டு இட்லி சாப்பிட்டார். பார்த்தாயா என்று நூர்ஜகானிடம் சொன்னேன்.

24 ஆகஸ்ட், வெள்ளி

இன்று காலை இவர் போய்விட்டார். தூக்கத்தில். காபி ஆற்றிக்கொண்டு வந்தேன்.

7 அக்டோபர், ஞாயிறு

இந்த டைரியைத் திறக்க இவ்வளவு நாள் ஆயிற்று. அந்தச் சிரிப்பு ஷாட் பழக்கத்தின் மேல் கோபமாக இருந்தேன். எல்லாம் சொன்னபடி செய்தேனே, ஏன் பலிக்கவில்லை என்று சுவரைப் பார்த்துக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

பொற்கொடி வந்திருந்தாள். நாளைக்கு சீரியல் ஆரம்பிக்கிறதாம். "பயப்படாம பாருங்கம்மா. பொணமா படுத்திருக்கறத டைரக்டர்கிட்ட சண்டை போட்டு வெட்டிட்டேன். கால் மட்டும்தான் தெரியும்" என்றாள்.

8 அக்டோபர், திங்கள்

கீழே நூர்ஜகான் வீட்டில்தான் பார்த்தேன், தனியாகப் பார்க்கத் தைரியமில்லை.

ஜமீன் வீட்டுக் கூடம். பெரிய மருமகளும் சின்ன மருமகளும் சொத்துக்கு அடித்துக்கொள்கிறார்கள். மாமியார் மாரில் அடித்துக்கொண்டு அழுகிறாள். அவர்களுக்குப் பின்னால் சுவரில், ஒரு ஆள் உயரத்துக்குச் சட்டம் போட்ட படம். விறைப்பாக ஒரு ஜமீன்தார் போட்டோவைத்தான் மாட்டுவார்கள் என்று நினைத்திருந்தேன். இந்தப் பெண் அந்த ஷாட்டிலிருந்து எடுத்து மாட்டியிருக்கிறாள். கழுத்தில் ரோஜா மாலை, முன் பல் இரண்டும் காணோம், வாய் நிறையச் சிரிப்பு. எல்லோரும் அழ அழ, பின்னால் இவர் மட்டும் சிரித்துக்கொண்டே இருக்கிறார். இனி தினமும் ராத்திரி ஏழரைக்குச் சிரிப்பார். ஊரே பார்க்கும். பார்த்துவிட்டுப் போகட்டும், என்னிடம் குறைந்தா போய்விடும்?

விளம்பரம் வந்தது. நூர்ஜகான் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, அண்ணன் நேரா பாக்கலயே. கொஞ்சம் பக்கவாட்டுல பாக்குறாரு. எதப் பாத்து அப்படிச் சிரிச்சாரு?"

"ஒரு குதிரையப் பாத்து" என்றேன்.